கோதுமை பியரும் அப்பாவின் கயிறும்

ஏப்ரல் 8

ஹோட்டல் பின்கதவில் ‘தள்ளவும்’ என்று மலையாளத்தில் எழுதி ஒட்டினேன். அது இழுத்தால் மட்டுமே திறக்கும் கதவு. மீன்காரர் முட்டினார். பால்காரர் முட்டினார். பார்லரில் பியர் ஊற்றும் ஆனந்தகுமார் அண்ணன் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்துவிட்டு, “சார், கதவு உப்பிப்போச்சு, ஆசாரியக் கூப்பிடுங்க” என்று உள்ளே பார்த்துக் கத்தினார். நான் கிணற்றடியில் உட்கார்ந்து விக்கல் வரும்வரை சிரித்தேன்.

அப்பா வந்தார். தாளைப் படித்தார். கதவை இழுத்துத் திறந்தார். “ஏத்தா மகா, உனக்கு வேற வேலையே இல்லையா?”

இல்லை. பிளஸ் ஒன் பரீட்சை முடிந்துவிட்டது. வீட்டில் ஃபேன் சுடுகாற்றை வாங்கி வட்டி போட்டுத் திருப்பித் தருகிறது. ஹோட்டலோ கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கு. சுவர் ஒரு முழத்துக்கு மேல் தடிமன், உள்ளே நுழைந்தாலே உடம்பு நன்றி சொல்லும். சேவியர் சார் அதை வாங்கி மாடியில் அறைகளும் கீழே பியர் பார்லருமாக மாற்றியிருக்கிறார். அப்பா அங்கே சப்ளையர். ஆகவே நான் ‘பியர்’ பெத்த பிள்ளை. இதைச் சொன்னபோது அம்மா கரண்டியை ஓங்கினாள்.

வேடிக்கை என்னவென்றால் அப்பா அதில் ஒரு சொட்டுத் தொடமாட்டார். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் முனியாண்டி கோயிலில் சத்தியம் செய்து கையில் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு வந்தவர். அந்தக் கயிறோடு குடித்தால் முனி சும்மா விடாது, குடித்தவனை விட்டுவிட்டு அவன் வீட்டைப் பிடிக்கும் என்பார்கள். கயிறு கட்டியபின் அப்பா வேறு ஆள். அதனால்தான் பார்லர் சாவியே அவரிடம்.

(இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் தம்பி. அவனுக்கு மலையாளம் மட்டும்தான் வாசிக்க வரும். தமிழ் எழுத்தைப் பார்த்தால் ஜிலேபி என்கிறான்.)

ஏப்ரல் 10

சேவியர் சார் கூப்பிட்டார். “மோளே, வேனல் தீருற வரைக்கும் ஒரு புது போர்டு வைக்கணும். நாலு கிராஃப்ட் பியர், பின்னே வண்டி ஓட்டுறவங்களுக்கு போதையில்லாத ஒரு சைபர். ஒவ்வொண்ணுக்கும் சிரிக்கிற மாதிரி ஒரு வரி எழுதித் தா. ஆனா கேட்டோ, போர்டைத் தொடலாம், பாட்டிலைத் தொட்டா காயல்ல எறிஞ்சிருவேன்.”

கிராஃப்ட் பியர் என்றால் என்ன என்று ஆனந்தண்ணனிடம் கேட்டேன். “பெரிய கம்பெனி பியரு ரேஷன் அரிசி மாதிரி, எங்க வாங்குனாலும் ஒரே ருசி. இது சின்ன ஆலையில கொஞ்சமாக் காய்ச்சுறது. வீட்டுக்கு வீடு சாம்பார் மாறுதுல்ல, அந்த மாதிரி.” அதோடு நிறுத்தியிருக்கலாம். “கண்ணக் கட்டி விட்டாலும் எது எதுன்னு நான் சொல்லிருவேன்.” அண்ணனுக்கு இதுதான் நோய்.

கம்பெனி ஆள் ஐஸ் பெட்டியில் சாம்பிள் வைத்துவிட்டுப் போயிருந்தார். எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று பேச்சு. அண்ணன் கறுப்பு ஸ்டவுட்டுக்குக் கொடி பிடித்தார். அப்பா முகர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். “சித்திரையில கம்பளி போத்துனாப்ல இருக்கும். மேசை துடைக்கிறவன் நான், எனக்குத் தெரியாதா? கறுப்புன்னா பாதி கிளாஸ் அப்படியே மிஞ்சும்.”

“அப்ப என்னதான் வைக்கிறது, சங்கிலிச் சேட்டா?” என்றார் சார். அப்பா பெயர் சங்கிலிப்பாண்டி. மலையாளத்தில் ‘பாண்டி’ என்றால் எங்களைக் கேலி செய்யும் சொல். அதனால் சார் மரியாதையாக முன்பாதியை மட்டும் எடுத்துக்கொள்வார்.

“அரண்மனை, யூதப்பள்ளின்னு டூரிஸ்டுங்க வெயில்ல சுத்திட்டு மொகம் செவந்து வந்து உக்காருறாங்க சார். காலி வயிறு வேற. லேசா, புளிப்பா, வாசமா இருந்தாப் போதும். ஸ்ட்ராங்கு வெயிலுக்கு ஆகாது, தலையப் பிடிச்சுக்கிட்டுப் போவாங்க. மொதல்ல தண்ணி. அப்புறம்தான் ‘தண்ணி’.”

அப்பாவின் சிலேடை! எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

ஏப்ரல் 11

முன்னுரை, முடிவுரை மாதிரி இது நுரையுரை.

லாகர்: லாக்கரில் வைத்துப் பூட்டிய குளிர்.
கோதுமை பியர் (ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போட்டதாம்): சப்பாத்திக்கு ஒன்றுவிட்ட தம்பி.
உப்பும் குடம்புளியும் போட்ட புளிப்பு பியர்: மீன் நீந்திப்போன மீன்குழம்பு.
ஐ.பி.ஏ., மகா கசப்பு, ஆனந்தண்ணனுக்காக ஒன்று: ஐயோ பாவம் அப்பா. (முகர்ந்ததற்கே மூக்கைச் சுளித்தார்.)
சைபர்: போதை இல்லை. போ, தை வரை குடி.

மலையாளத்துக்கும் இங்கிலீஷுக்கும் மாற்றும்போது பாதி செத்துவிடுகிறது. ஆனாலும் சார் சிரித்தார்.

ஏப்ரல் 13

இன்றைக்கு எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

ஏப்ரல் 14

பொய். இருக்கிறது.

நேற்று ஞாயிறு. பார்லர் திறப்பதற்கு முன்னால் பின்முற்றத்தில் ருசி பார்த்தார்கள். கண்ணைக் கட்டாத கண்கட்டு: சார் உள்ளே போய் ஐந்து ஜக்கில் ஊற்றி, ஒவ்வொன்றின் அடியிலும் எண் எழுதிய துண்டுத்தாள் வைத்து, கொண்டுவந்து எண்ணை முன்பின்னாகக் கலைத்து வைத்தார். எந்த எண்ணில் எது என்று யாரிடமும் சொல்லவில்லை. “அஞ்சாம் நம்பர் மட்டும் சேட்டனுக்கு, அது சைபர்” என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா தயங்கினார். “பேரு பியருதானே சார்.” “ஒண்ணுமில்ல சேட்டா, கோதுமைக் கஞ்சின்னு நெனைச்சாப் போதும்.” அப்பா சரி என்றாரா, தலையை மட்டும் ஆட்டினாரா — நான் கவனிக்கவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது.

சாருக்கு போன் வந்தது. அப்பா கிளாஸ் கழுவப் போனார். அண்ணன் ஐஸ் எடுக்க. இரண்டாம் ஜக்கும் ஐந்தாம் ஜக்கும் ஒரே மாதிரி கலங்கல் மஞ்சள் — ஒன்று கோதுமை பியர், இன்னொன்று போதையை எடுத்த கோதுமை பியர். அண்ணன் சைபரைக் குடித்துவிட்டு ‘கிக்’ என்று சொன்னால் எப்படியிருக்கும்! இரண்டு துண்டுத்தாளையும் மாற்றினேன். பாட்டிலைத் தொடவில்லை. சார் சொன்ன சட்டப்படி நான் எதையுமே தொடவில்லை.

அப்பாவை நினைக்கவே இல்லையா? நினைத்தேன். அதுதான். நினைத்தேன், ஆனால் அவர் எப்போதும் முகர்ந்துவிட்டு வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டால்தானே விளையாட்டு நடக்கும்.

அண்ணன் இரண்டாம் ஜக்கில் ஊற்றிக் குடித்தார். கண்ணை மூடினார். “ஆஹா. இதான் சார் வெயிலுக்கு. மெதுவா, பூ மாதிரி ஏறுது பாருங்க, காது வரைக்கும்.” சிரிப்பு வெளியே வராமல் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அதே சமயம் அப்பா ஐந்தாம் ஜக்கிலிருந்து ஒரு கிளாஸ் நிறைய ஊற்றினார். சார் சொன்னாரே என்று. வெயில் வேறு.

ஒரு வார்த்தை போதும். ‘வேண்டாம்ப்பா.’ வாய் திறந்தால் அண்ணன் தப்பித்துவிடுவார், இன்னும் கொஞ்சம் உளறட்டும், அதற்குள் அப்பா முகர்ந்துவிட்டு வைத்துவிடுவார் —

வைக்கவில்லை. குடித்தார். முழுவதும்.

“எப்படி சேட்டா?”

“நல்லாருக்கு சார்.” கிளாஸை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார். ரொம்ப நேரம் அந்த ஒரு கிளாஸையே கழுவினார்.

‘ஏமாந்தாச்சு!’ என்று கத்துவதற்குத் தயாராக வைத்திருந்தேன். கத்தவில்லை. யாருக்கும் இன்னும் தெரியாது. அண்ணன் சொன்னதைக் கேட்டு சார் கோதுமை பியருக்குப் பெரிய ஆர்டர் போட்டுவிட்டார்.

இன்றைக்கு சித்திரை ஒன்று. இங்கே விஷு. அம்மா கண்ணாடி, கனி, கொன்றைப்பூ எல்லாம் வைத்து அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பா வாசற்படியிலேயே நின்றார். “நீங்க கும்பிடுங்க. எனக்கு மேலுக்கு முடியல.” சாமி பக்கம் வரவே இல்லை. அப்படியென்றால் தெரிந்துவிட்டதா? தெரிந்தால் ஏன் பேசவில்லை?

விஷுவுக்குப் பெரியவர்கள் தரும் கைநீட்டக் காசை எனக்குத் தந்தார். வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டேனே.

ஏப்ரல் 15

சொல்லவேண்டும். சொன்னால்? கயிறு தீட்டாகிவிட்டது, இனிக் குடித்தால் என்ன, குடிக்காவிட்டால் என்ன என்று ஆகிவிட்டால்? சொல்லாமல் இருந்தால் அவர் இன்னும் குடிக்காத மனிதர். சொல்லாமல் இருப்பதுதான் அவருக்கு நல்லது.

எவ்வளவு வசதியான நல்லது.

ஏப்ரல் 16

அப்பா இன்று வேலை முடிந்து பஸ்ஸில் வரவில்லை. நடந்து வந்தார். எந்த வழியாக என்று அம்மா கேட்டதற்கு, “காத்தாட” என்றார். மட்டாஞ்சேரியில் ஏது காற்று?

கிட்டே போய் மோந்து பார்த்தேன். சட்டையில் வியர்வை மட்டும்தான். நாய் மாதிரி அப்பாவை மோந்து பார்க்கிறேன்.

ஏப்ரல் 18

பெரிய வெள்ளி. மாநிலம் முழுக்க மதுக்கடை கிடையாது. இன்று ஒரு நாள் பயமில்லை.

அப்பா வீட்டில் இருந்தார். தம்பிக்கு சைக்கிள் செயின் மாட்டிக் கொடுத்தார். அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்பில் ஒரு நாள் அவர் பள்ளிக்கூட வாசலில் செருப்பில்லாமல் விழுந்து கிடந்தார். எல்லோரும் பார்த்தார்கள். நான் தலைமை ஆசிரியர் நடப்பது போல நடந்து காட்டினேன். எல்லோரும் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். அப்போதிலிருந்துதான் எனக்கு இந்தப் பெயர் — குறும்புக்காரி, வாய்க்காரி. அவரை மறைக்கக் கற்றுக்கொண்ட வித்தை. அதை வைத்தே அவரை —

போதும்.

ஏப்ரல் 21

தம்பிக்குக் காய்ச்சல். மாலையில் நெஞ்சிலும் முதுகிலும் முத்து முத்தாக. அம்மை போட்டிருக்கிறது. அம்மா மஞ்சள் அரைக்கிறாள். அப்பா அறைக்குள் வரவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து கயிறு கட்டிய கையை மடியில் வைத்து மறைத்துக்கொண்டிருக்கிறார்.

குடித்தவனை விட்டுவிட்டு வீட்டைப் பிடிக்கும்.

ஏப்ரல் 22

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னார்: இது பத்துப் பதினைந்து நாளுக்கு முன்பே உள்ளே வந்திருக்கும், வெயில் காலத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. கணக்குப்படி துண்டுத்தாளை மாற்றுவதற்கு முன்பே வந்துவிட்டது. அறிவியல் என்னை விடுதலை செய்துவிட்டது.

அப்பா அதை நம்பியதாகத் தெரியவில்லை. நானும் நம்பவில்லை.

ஏப்ரல் 24

சொல்லிவிட்டேன்.

வேப்பிலை வேண்டும் என்று அம்மா அனுப்பினாள். பள்ளுருத்தியில் ஒரு கோயில் வளாகத்தில் மரம் இருக்கிறது. அப்பாவும் நானும் போனோம். கொத்துக் கொத்தாக ஒடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தோம். மத்தியான வெயில், ஸ்டாப்பில் வேறு யாருமில்லை. எப்படித் தொடங்குவது என்று இரண்டு நாளாக மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்தது எதுவும் வரவில்லை.

“அப்பா, அன்னிக்கு ஜக்கு நம்பர நான் மாத்தினேன்.”

அவர் இலையில் ஒட்டியிருந்த எறும்பைத் தட்டிவிட்டார்.

“தெரியும்.”

“எப்பத் தெரியும்?”

“மொத வாயிலயே தெரியும். அத்தன வருஷம் குடிச்ச நாக்கு, மறந்துருமா? நிமுந்து பாத்தேன். எல்லாரும் ஆனந்தனப் பாக்குறாங்க. நீ மட்டும் என்னப் பாத்துக்கிட்டிருக்க, வாயில கைய வச்சுக்கிட்டு.”

பஸ் வந்தது. நாங்கள் எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் விசிலடித்து, “கேறுன்னில்லே?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

கேட்கக்கூடாது என்று நினைத்தேன். கேட்டுவிட்டேன். “மொத வாயிலயே தெரிஞ்சா ஏம்ப்பா கீழ வைக்கல?”

ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

“மகா மாத்திட்டா. நானாக் கேக்கல. எம்மேல தப்பில்ல... அப்படின்னு மனசு சொல்லுச்சு. அது சொல்லி முடிக்கிறதுக்குள்ள கிளாஸு காலி. ஓம் பேரச் சொல்லித்தான் குடிச்சேன் ஆத்தா. பெத்த புள்ள பேரச் சொல்லி.”

எனக்கு அழுகை வந்தது. அவருக்கும். இரண்டு பேரும் வேப்பங்கொத்தைப் பிடித்துக்கொண்டு, தெருக்கூத்து மாதிரி. ஒரு ஜோக்கும் வரவில்லை எனக்கு.

“அதுக்கப்புறம்?”

“தோப்பும்படி பிராந்திக் கடை வரிசையில போயி நின்னேன். ரெண்டு தடவ. எனக்கு முன்னால ஒரே ஆளு இருக்கையில வெளிய வந்துட்டேன்.” பிறகு, “மறுபடி போனா வெளிய வருவனான்னு தெரியல” என்றார்.

அன்றைக்கு பஸ் ஏறாமல் நடந்து வந்தாரே. காத்தாட.

ஏப்ரல் 26

அம்மாவிடம் அப்பா சொன்னார். என் பங்கை நான் சொன்னேன். அம்மா — சீனியம்மாள் என்று பெயர் வைத்தவர்கள் அவள் வாயைப் பார்க்கவில்லை — ஒரு சத்தமும் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தம்பிக்கு விசிறிக்கொண்டே கேட்டாள்: “இத்தன நாளு அந்தக் கயித்தக் கையில கட்டிக்கிட்டுத் திரியிறியே, கூசலையா?”

“கூசுது. கோயில்ல வச்சுத்தானே அவுக்கணும்.”

“புள்ளைக்குத் தண்ணி ஊத்துன மறுநாளு கெளம்பு.” பிறகு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். “ஒனக்கு நான் என்னத்தச் சொல்ல” என்றாள். அடித்திருக்கலாம்.

ஏப்ரல் 29

சேவியர் சாரிடம் நானே போய்ச் சொன்னேன். அண்ணனும் இருந்தார். கதையைக் கேட்டுவிட்டு அண்ணன், “அப்ப நான் கிக்குன்னு சொன்னது சைபரையா?” என்றார். உலகத்திலேயே சிறந்த ஏமாற்று. ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணனே சிரிக்கவில்லை. “பாண்டியண்ணன் கயிறு கட்டியிருக்காருன்னு உனக்குத் தெரியும்ல?” என்று மட்டும் கேட்டார்.

தெரியும்.

சார் போர்டை ஒரு தடவை பார்த்தார். “நான்தான் சேட்டனை நிர்பந்திச்சது. அது என் தப்பு. நீ செஞ்சது உன் தப்பு. இனி பார்லர் பக்கம் வராதே மோளே.” கத்தவில்லை. காயலில் எறிந்திருந்தால் நீந்தியாவது வந்திருப்பேன்.

அப்பா சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இனி மாடியில் அறைகளுக்கு டிபன் கொண்டுபோகும் காலை வேலை. டிப்ஸ் குறையும். கேட்டு வாங்கிக்கொண்டது அவர்தான்.

மே 2

பஜார் ரோட்டில் போகும்போது வெளியே வைத்த போர்டைப் பார்த்தேன். என் கையெழுத்தில் கோதுமை பியர் வரி. ஒரு வெள்ளைக்காரத் தம்பதி படித்துச் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

மே 5

தம்பிக்கு இன்று வேப்பிலைத் தண்ணீர் ஊற்றினார்கள். மெலிந்து, கண் மட்டும் பெரிதாக இருக்கிறான். “ஏன் சேச்சி இப்போ ஒண்ணும் செய்யாத்தது? போரடிக்கிறது” என்றான்.

மே 7

உசிலம்பட்டியிலிருந்து டவுன் பஸ், அப்புறம் ஒரு நடை. கோயில் என்றால் மரம், வேல், சுற்றிலும் மணி. பூசாரி அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்தார். “கறை பட்டுருச்சோ?” என்றார், விலை கேட்பது போல. அப்பா தலையாட்டினார். அப்பாவுக்கு முன்னால் எத்தனை பேர் அப்படித் தலையாட்டியிருப்பார்களோ, பூசாரிக்கு அதில் ஆச்சரியமே இல்லை. கயிற்றை வெட்டி மரத்தடியில் போட்டார். அங்கே ஏற்கெனவே கறுப்பாக ஒரு குவியல்.

எலுமிச்சம்பழத்தை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். “எம்புட்டு நாளைக்கி? போன தடவ ஆயுசுக்கும்னு கட்டுனீக போல.”

அப்பா கண்ணை மூடினார். திறந்தார்.

“ஒரு மாசம்.”

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “ஒரு மாசமா? கொச்சியிலருந்து ராப்பூரா முழிச்சு வந்தது ஒரு மாசத்துக்கா? கேட்டவன் சிரிப்பான்.”

“சிரிக்கட்டும் சீனி. ஒரு மாசம்னா என்னால பொய்யில்லாமச் சொல்ல முடியுது. முடிஞ்சா வந்து அவுத்துட்டு இன்னொரு மாசம் கட்டுவேன்.”

பூசாரி சிரிக்கவில்லை. புதுக் கயிற்றை எடுத்தார். “சாட்சிக்கு யாரு நிக்கிறா?”

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“மகா நிக்கட்டும்” என்றார் அப்பா.

என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. என் கையை எடுத்து அவர் கைமேல் வைத்து, கயிற்றின் ஒரு நுனியைப் பிடிக்கச் சொன்னார் பூசாரி. பிடித்தேன். மூன்று முடிச்சு போட்டு முடியும்வரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். முகம் எரிந்தது. விடச் சொன்ன பிறகும் விடத் தெரியவில்லை.

ஜூன் 5

மழை பிடித்துவிட்டது. பார்லரில் வேனல் போர்டை எடுத்துவிட்டார்களாம். டிபன் கொண்டுபோகும்போது அப்பா பார்த்திருக்கிறார்.

காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே, “நாளன்னிக்கு ராத்திரி வண்டி. ஒனக்குத் திங்கக்கிழம ஸ்கூல் லீவு போட முடியுமா?” என்று கேட்டார்.

போட்டுவிட்டேன். காரணம் என்ன எழுதுவது என்று டீச்சர் கேட்டார். வாயில் நல்ல நல்ல பொய்யாக வரிசை கட்டி நின்றது. ‘அப்பாவுடன் கோயிலுக்கு’ என்று எழுதிக் கொடுத்தேன்.